கோவலன் கண்ட கடைவீதி

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கதைக்கு இன்றியமையாததன்று என்பாரும் உளர். கொலைக்களம் நோக்கி விரையும் கதையை அங்காடி வருணனை தடைப்படுத்துகின்றது என்பது அவர் கருத்து. கோவலன் ஆங்குக் கண்டது யாது என ஊன்றி நோக்குவார்க்கு இக்கூற்றின் பொருந்தாமை புலனாகும்.

கோவலன் மதுரைக்குப் புதியவன். ஆயினும் வணிகர் குடியிற் பிறந்தவன். ஆதலின் அவன் காட்சி கடைகளின் பொலிவோடு அமையவில்லை. மணிக்கடைத் தெருவிலே காகபாதம், களங்கம், விந்து, கீற்று என்னும் குற்றங்கள் நீங்கிய வயிரங்கள் உள. பொற்கடைத் தெருவிலே சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனும் நால்வகைப் பொன்னும் மயக்கமின்றி அறியப்படுமாறு கொடிகள் எடுக்கப்பட்டுள்ளன. அறுவைக் கடைகளிலே நூலினும் மயிரினும் பட்டினும் நெய்த துணிகள் நூறு நூறாக அடுக்கப்பட்டுள்ளன. கூலக் கடைத்தெருவிலே துலாக்கோலும் மரக்காலும் உடையோர் எங்கணும் திரிகின்றனர்.

மாங்குடி மருதனாரும் மதுரைக்காஞ்சியில் இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடினார். ஆங்கு மேலோங்கி நிற்பன மக்கள் திரளும் ஆரவாரமும். இளங்கோவடிகள் சிறப்பித்துக் காட்டுவனவோ தரமும் நிறையும் அளவும். வந்தாரைக் கவர்வது கடைவீதியின் செல்வம் மட்டுமன்று. ஊருக்குப் புதியோனும் ஏமாறாது வாங்கலாம் என்னும் துணிவே அதன் தலையாய அழகு என்பது இதனாற் பெறப்படும்.

அடிகளின் புலமைத்திறம் இதன்பின்னரே முற்றும் விளங்குகின்றது. நகர் கண்டு மகிழ்ந்து மீண்ட கோவலன், கொலைக்களக் காதையிற் சிலம்பு விற்கப் புறப்படுகின்றான். கடைவீதியிலே அரண்மனைப் பொற்கொல்லனை எதிர்ப்பட்டு, ஐயமின்றி அவனிடம் சிலம்பைக் காட்டுகின்றான். அரசியின் சிலம்பைக் கவர்ந்த அக்கொல்லனோ, பழியைக் கோவலன்மேற் சுமத்துகின்றான். பொன்னின் தரத்தைக் கொடியெடுத்து அறிவித்த நகரிலே, பொற்றொழிலாளன் ஒருவனின் பொய் உயிரைக் கொண்டது. ஊர்காண் காதை இல்லையேல் கோவலன் நம்பியது வெறும் பேதைமையாகத் தோன்றும். அவ்வீதியின் நேர்மையை முன்னரே கண்டமையாலன்றோ கற்போரும் அவனோடு நம்பி, அவனோடு ஏமாறுகின்றனர்! எனவே, இவ்வருணனை கதைக்குத் தடையன்று, அவலத்தின் அடித்தளமாகும்.

வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்குத் தாலிப்பொன் வாங்கச் செல்வோரும் தராசையும் கடைக்காரர் சொல்லையும் நம்பியே செல்கின்றனர். விளக்கும் அலங்காரமும் ஒருமுறை அழைக்கலாம். மறுமுறை அழைப்பது அந்நம்பிக்கையே.