நீதிபதியும் மருத்துவரும்: போதைப்பொருள் நீதிமன்றங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

தண்டனையின் நோக்கம் பழிவாங்குதலா, அச்சுறுத்தித் தடுத்தலா, அன்றிக் குற்றம் புரிந்தோரைத் திருத்துதலா என்ற வினா சட்டத்துறையினருக்கு மட்டும் உரியதன்று. ஒரு சமூகம் தன்னுள் நலிந்தோரை எவ்வாறு நோக்குகின்றது என்பதை அவ்வினாவுக்கு அது அளிக்கும் விடையே புலப்படுத்தும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வினாவுக்குப் புதிய விடையாக எழுந்தவை, குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சிறைக்கு அனுப்பாது சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் ஆற்றுப்படுத்தும் சிறப்பு நீதிமன்றங்கள். அவற்றுள் மூத்ததும் மிகுதியாகப் பரவியதுமான போதைப்பொருள் நீதிமன்றத்தை, அது தோன்றிய ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நீதிமன்றம் பிறந்த சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 1986ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், ‘கிராக்’ எனப்படும் கொக்கெயின் வகையை ஐந்து கிராம் அளவில் விற்பனைக்கென வைத்திருந்தவருக்கும் குறைந்தது ஐந்தாண்டுச் சிறையை விதித்தது. தூள் வடிவிலான கொக்கெயினுக்கோ அதே தண்டனையைப் பெற ஐந்நூறு கிராம் வேண்டியிருந்தது. முன்னதன் தொடர்பில் தண்டிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இத்தகைய கடுமை நிலவிய காலத்திலேயே, போதைப்பொருள் வழக்குகளால் மூச்சுத் திணறிய புளோரிடா மாநிலத்து மயாமி நகரில், 1989இல் முதலாவது போதைப்பொருள் நீதிமன்றம் தொடங்கப்பட்டது. பின்னாளில் நாட்டின் சட்டமா அதிபராக விளங்கிய ஜெனெற் ரீனோ அப்போது அங்கு அரச வழக்குத்தொடுநர்களின் தலைவராக இருந்தார். ஆகவே, கருணை மட்டுமன்றி, சிறைகளில் இடமின்மையும் இந்நிறுவனத்தின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று என்பதை மறத்தலாகாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்குக் கூட்டாட்சி நிதி வழங்க வழிவகுத்தது. இன்று அந்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய நீதிமன்றங்கள் உள. உளநோயாளருக்கென புளோரிடாவின் புறோவாட் மாவட்டத்தில் 1997இலும், முன்னாள் படையினருக்கென நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோவில் 2008இலும் இதே வழியில் நீதிமன்றங்கள் அமைந்தன.

இங்கு நடைபெறுவது என்ன? குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருமுறை தீர்ப்புப் பெற்றுச் செல்வதில்லை. தொடக்கத்தில் வாரந்தோறும் அல்லது இரு வாரங்களுக்கு ஒருமுறை அதே நீதிபதியின் முன் தோன்றுகின்றார். சிகிச்சை பெறுகின்றார், அடிக்கடி சிறுநீர்ச் சோதனைக்கு உட்படுகின்றார். முன்னேற்றம் கண்டால் நீதிபதி பாராட்டுவார். மன்றில் உள்ளோர் கைதட்டுவர். வழுவினால் மேலதிக சோதனைகளோ சில நாட் சிறையோ விதிக்கப்படும். ஓராண்டோ அதற்கு மேலோ இவ்வாறு கழித்து நிறைவு செய்தவருக்கு விழா எடுக்கப்படும். குற்றச்சாட்டு நீக்கப்படும் அல்லது தண்டனை குறைக்கப்படும்.

இம்முறைமையின் மூலபாடம் எனத்தக்கது, 1997இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட ‘பத்து முக்கிய கூறுகள்’ பற்றிய ஆவணம். சட்டம் மனிதரின் உளநலத்தில் விளைவிக்கும் நன்மை தீமைகளை ஆராய வேண்டும் என டேவிட் வெக்ஸ்லர், புறூஸ் வினிக் ஆகியோர் வளர்த்த ‘சிகிச்சைசார் சட்டவியல்’ என்னும் சிந்தனையும் பின்னர் இந்நீதிமன்றங்களுக்குக் கோட்பாட்டு அடித்தளமாகக் கொள்ளப்பட்டது. ஆவணத்தின் ஏழாவது கூறு, நீதிபதி ஒவ்வொருவருடனும் தொடர்ந்து உறவாடுதல் இன்றியமையாதது என்கின்றது. இதுவே இந்நிறுவனத்தின் உயிர்நாடி எனலாம். வழக்கிலக்கமாக மட்டும் இருந்தவர் இங்கு பெயரும் வரலாறும் உடைய மனிதராகின்றார். இருபத்துமூன்று நீதிமன்றங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான பெரும் ஆய்வொன்றும், நீதிபதி தம்மை நேர்மையாகவும் மதிப்புடனும் நடத்துகின்றார் என உணர்ந்தோரே கூடுதலாகத் திருந்தினர் எனக் கண்டது. 154 மதிப்பீடுகளை ஒருங்கே நோக்கிய 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று, வளர்ந்தோருக்கான நீதிமன்றங்களில் மீண்டும் குற்றம் புரிவோர் வீதம் ஏறத்தாழ ஐம்பதிலிருந்து முப்பத்தெட்டாகக் குறைவதாகக் கணித்தது. இப்பயனை மறுப்பதற்கில்லை.

எனினும் ஒரு நிறுவனத்தை அது ஈடேற்றியோரை மட்டுங் கொண்டு மதிப்பிடுதல் குறைபாடுடையது. அதன் வாயிலில் இடறி வீழ்ந்தோர் என்னவாயினர் என்பதே உண்மையான உரைகல். அவ்வுரைகல்லில் வைத்து நோக்குமிடத்து மூன்று குறைகள் புலனாகின்றன.

முதலாவது, உரிமை பற்றியது. இரண்டாவது கூறு, வழக்குத்தொடுநரும் எதிரியின் சட்டத்தரணியும் முரண்படாது இணைந்து செயலாற்ற வேண்டும் எனவும், அதே வேளை எதிரியின் சட்டபூர்வ உரிமைகள் காக்கப்பட வேண்டும் எனவும் ஒரே மூச்சிற் கூறுகின்றது. இவ்விரண்டும் எங்ஙனம் ஒருங்கே நிற்கும் என்பதை அது தெளிவாக்கவில்லை. மன்று கூடுமுன் நீதிபதி, இரு தரப்புச் சட்டத்தரணிகள், சிகிச்சையாளர், நன்னடத்தை அலுவலர் ஆகியோர் கூடிப் பேசுவர். யாரைப் பற்றிப் பேசுகின்றனரோ அவர் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. மேலும், பல இடங்களில் உட்புகுமுன் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பொலிசாரின் தேடுதல் சட்டத்துக்கு முரணானது என வாதிடக் கூடியவரும் அவ்வாதத்தைக் கைவிட்டே சிகிச்சையைப் பெறுகின்றார். அந்நாட்டுக் குற்றவியல் எதிர்வாதச் சட்டத்தரணிகளின் தேசிய சங்கம் 2009இல் வெளியிட்ட அறிக்கை இதனைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்துக்கு விலையாக உரிமை கேட்கப்படுகின்றது என்பதே இதன் சாரம்.

இரண்டாவது, தோற்றோர் பற்றியது. குற்றத்தை முன்னரே ஒப்புக்கொண்டவர் இடையில் நீக்கப்பட்டால், வாதிட எதுவுமின்றித் தண்டனைக்கு ஆளாகின்றார். இந்நீதிமன்றங்கள் சிறை செல்வோர் தொகையைக் குறைத்த போதும், சிறையிற் கழியும் மொத்த நாட்களைக் குறைக்கவில்லை என 2013இல் வெளியான ஒப்பாய்வு ஒன்று காட்டிற்று. தோற்றோர் பெற்ற நீண்ட தண்டனைகள், வென்றோர் பெற்ற விடுதலையை ஈடு செய்துவிட்டன. டென்வர் நகரில் இத்தகைய நீதிமன்றம் தொடங்கி ஈராண்டுகளுக்குள் போதைப்பொருள் வழக்குகள் ஏறத்தாழ மும்மடங்காயின என அந்நகர நீதிபதி ஒருவரே 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உதவும் இடம் உண்டு என்ற எண்ணமே, முன்னர் விட்டுவிடப்பட்டிருக்கக் கூடியவர்களையும் கைது செய்யத் தூண்டுதலாகலாம்.

மூன்றாவது, அறிவின் எல்லை பற்றியது. ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையானோருக்கு மெதடோன் உயிர்காக்கும் மருந்து என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது. ஆயினும் நீதிமன்றங்கள் பல, அதுவும் போதையே எனக் கருதி, அதனை நிறுத்துமாறு பணித்தன. இவ்வகை மருந்துகளை மறுக்கும் நீதிமன்றங்களுக்குத் தன் நிதி இல்லை எனக் கூட்டாட்சி அரசு 2015இல் நிபந்தனை விதிக்க வேண்டியதாயிற்று. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நால்வகைப்பட்டது மருத்துவம் என்பது வள்ளுவர் வகுப்பு. அங்கு தண்டிப்போனுக்கு இடமில்லை. மீண்டும் வழுவுதல் நோயின் இயல்பு என ஏற்றுக்கொண்டே, வழுவியவரைச் சில நாட் சிறைக்கு அனுப்புவது இம்முறைமையின் உள்முரண்பாடாகும். போதைக்கு அடிமையாயிருத்தல் என்ற நிலையையே குற்றமாகத் தண்டித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என 1962இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இங்கு நினைவுகூரல் தகும்.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. சிறைக்குப் பதில் சிகிச்சை என்ற குரல் நம்நாட்டிலும் ஒலிக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப நீதவானுக்கு அதிகாரம் அளித்துள்ளது. அவ்வாறு அனுப்பப்பட்டோர் தங்கவைக்கப்பட்ட கந்தக்காடு நிலையத்தின் நிர்வாகத்திற் படையினர் பங்கு கொண்டிருந்தனர். 2022 ஜூனில் அங்கு ஒருவர் இறந்ததும், அதனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் யாவரும் அறிந்தவை. அமெரிக்க நீதிமன்றத்தில் வாரந்தோறும் முகம் நோக்கும் நீதிபதியேனும் உள்ளார். அவரும் இல்லாத இடத்திற் ‘புனர்வாழ்வு’ என்ற சொல் காவலுக்கு இடப்பட்ட வேறு பெயராக மாறும் ஆபத்து மிகுதி.

மாற்று வழி இல்லாமலில்லை. போர்த்துக்கல் 2001இல், பத்து நாட் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவிற் போதைப்பொருள் வைத்திருத்தலைக் குற்றவியலிலிருந்தே நீக்கியது. பிடிபட்டோர் நீதிமன்றத்துக்கன்றி, சட்டம், மருத்துவம், உளவியல், சமூகப்பணி முதலிய துறைகளைச் சார்ந்த மூவர் கொண்ட ஆணைக்குழு முன் செல்கின்றனர். அங்கு சிகிச்சையை நாடுவோர் அதன்பொருட்டுக் குற்றவாளியாக வேண்டியதில்லை.

சுருங்கக் கூறின், போதைப்பொருள் நீதிமன்றம் சிறையினும் மேலானது. ஆயின் சிறையோடு ஒப்பிட்டு மட்டுமே அது மேலானது. கைது செய்யப்படுவதற்கு முன்னரே சிகிச்சை எளிதிற் கிடைத்தல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அதனைப் பெற முடிதல், முயன்று தோற்றவர் முயலாதவரினும் கடுமையாகத் தண்டிக்கப்படாதிருத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறும் வரை, அதனை நீதியின் வளர்ச்சி என்பதிலும் தண்டனையின் திருத்திய பதிப்பு என்பதே பொருந்தும். நோயாளியாக ஏற்கப்படுவதற்கு முதலிற் குற்றவாளியாக வேண்டும் என்ற விதியை ஏற்படுத்திய சமூகமே இங்கு முதலில் விசாரணைக்கு உரியது.