நிவாரணமும் கவிதையும்

1983 ஆடி வன்செயலில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரியுண்டன. எனினும், போரால் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் பின்னர் புகலிடம் தேடியதும் அதே கொழும்பிலேயே. அங்கு இடம்பெயர்ந்த பெண்களிடையே பணிபுரிய 1991இல் தோன்றிய சூரியா, 1993இல் மட்டக்களப்புக்குப் பெயர்ந்து பெண்கள் அபிவிருத்தி நிலையமாக நிலைபெற்றது. 1999இல் அந்நிலையம் வெளியிட்ட ‘உயிர்வெளி’, சித்திரலேகா மௌனகுரு தொகுத்த பெண்களின் காதற் கவிதைத் தொகுதியாகும்.

போர்க்காலத்தில் காதற் கவிதை எதற்கென வினவுவோர் உளர். நிவாரணப் பட்டியலில் பெண் அகதியாகவோ விதவையாகவோ மட்டுமே இடம்பெறுகின்றாள். அவளது தேவை கணக்கிடப்படுகின்றது, விருப்பம் கேட்கப்படுவதில்லை. காதற் கவிதையோ அவளை விருப்பும் வெறுப்புமுடைய முழு மனிதராக நிறுத்துகின்றது. பரிவு, பெறுபவரை மௌனியாக்கவும் கூடும். நீதியோ அவர் பேசுவதிலேயே தொடங்குகின்றது.

கடல் கடந்த தோழமைக்கும் இதுவே உரைகல். அ. மங்கை தொகுத்து 2007இல் சென்னையிலிருந்து வெளியான ‘பெயல் மணக்கும் பொழுது’ ஈழப் பெண் கவிஞர்களைத் தமிழக வாசகரிடம் கொண்டுசேர்த்தது. அத்தொகுதியைப் போரின் சாட்சியமாக மட்டுமே படிப்பது, அனுதாபத்தின் பெயரால் கவிதையை மீண்டும் நிவாரணப் பட்டியலாக்குவதாகும். துயரத்தைக் கேட்ட செவி விருப்பத்தையும் கேட்டாலன்றி அத்தோழமை நிறைவுறாது.