சுவார்ட்ஸ் கொடுத்தது நெல் அல்ல

டெல்டாவில் தேவாலயங்கள் செய்யும் சமூகப்பணியைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: "அரிசி கொடுத்து யாரையாவது மதம் மாற்றினோமா? இருந்தால் காட்டுங்கள்." ஆண்டு விழா மேடைகளில் கேட்கிறேன், விழா மலர்களிலும் படிக்கிறேன். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற பழைய ஏச்சு ஒருபக்கம், 2020-ல் இறுக்கப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து இந்தப் பதிலைத் தீட்டி வைத்திருக்கின்றன. பதில் பொய்யில்லை. ஆனால் அது எதிராளி கேட்ட கேள்விக்கான பதில். உதவி வாங்க வரிசையில் நிற்பவரிடம் வேறொரு கேள்வி இருக்கிறது. இந்தச் சண்டையின் இரைச்சலில் அது இரண்டு தரப்புக்குமே கேட்பதில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்தக் கரையில் பிணம் எடுத்தவர்களிலும், சோறு பொங்கிப் போட்டவர்களிலும், அநாதையான பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவர்களிலும் கன்னியாஸ்திரிகளும் குருமார்களும் சபை ஊழியர்களும் உண்டு. யாரிடமும் சாதிச் சான்றிதழோ ஞானஸ்நானச் சான்றிதழோ கேட்கவில்லை. கீழத்தெருப் பெண்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்கு மேலே கொண்டுபோன விடுதிகள் உண்டு. வட்டிக்காரனிடமிருந்து மீட்ட மகளிர் குழுக்களும் உண்டு. இதையெல்லாம் குறைத்துச் சொல்பவன் டெல்டாவைப் பார்க்காதவன்.

என் குறை வேறு. வெகுநாளாக மனதில் கிடக்கும் குறை. பெறுகிறவருக்கு இந்தப் பணியில் எங்கே இடம்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. விழுந்த மரம் ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து, 1,100 ரூபாய் நிவாரணம் என்றது அரசு. அது மரத்துக்கு உடையவருக்கு. மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்தவர் பேரில் ஒரு மரமும் கிடையாது. அரசின் கணக்கில் விழாத இவர்களுக்குத்தான் தேவாலயங்கள் கைகொடுத்தன. அதுவும் உண்மை. ஆனால் எப்படிக் கொடுத்தன? பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டோக்கனோடு நின்ற ஓர் அம்மாவிடம் என்ன தந்தார்கள் என்று விசாரித்தேன். தார்ப்பாய் என்றார், மூன்றாவது தார்ப்பாயாம். "என்ன வந்திருக்குன்னு சொன்னாங்க தம்பி. என்ன வேணும்னு யாரும் கேக்கலியே" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அடுத்த வேலை கிடைக்கும்வரை கடன்காரன் வாசலுக்கு வராமலிருக்க ஒரு வழி. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஒரு புயலின் அவசரத்தில் நடந்த பிசகு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் சாதாரண நாளிலும் இதுவே நடைமுறை. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அப்படியும் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பது அரிசிப் பைதான். அறுவடை இயந்திரம் வந்து கதிர் அரிவாளுக்கு வேலை போய்விட்டது; குறுவை, சம்பா, தாளடி எதுவானாலும் நடவுக்கும் களைக்கும்தான் பெண்களைத் தேடுகிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இதற்கு நம் மையங்கள் கண்ட மருந்து தையல் பயிற்சி. ஏன் தையல்? எந்தக் கூட்டத்தில், யார் கேட்டு, அந்த முடிவு எடுக்கப்பட்டது? பங்குப் பேரவையின் பெயர்ப் பலகையையும் பயனாளிகள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் வருகிற பெயர் எத்தனை?

கணக்கு விஷயத்துக்கு வருவோம். இறுக்கப்பட்ட நன்கொடைச் சட்டம் நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டது, பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிரவும் தடை போட்டுவிட்டது என்ற முறையீடு நியாயமானதே. சிறிய மையங்கள் பல அதில் நசுங்கின. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். டில்லிக்கு ஒரு கணக்கு போகிறது. பணம் அனுப்பிய நாட்டுக்கு இன்னொரு கணக்கு, படங்களோடு போகிறது. ஆயர் இல்லத்துக்கும் ஒரு பிரதி. யார் பெயரால் பணம் வந்ததோ அந்தத் தெருவுக்கு மட்டும் கணக்கு போவதில்லை. கேட்டால், இடக்கை வலக்கை பற்றிய மலைப்பிரசங்க அறிவுரையை நினைவூட்டுகிறார்கள். அந்த அறிவுரை தம்பட்டம் அடிக்கும் கொடையாளியைக் குட்டுவதற்காகச் சொன்னது. கணக்குக் கேட்பவரின் வாயை அடைப்பதற்காகச் சொன்னதல்ல. வழங்கும் இடத்தில் பிளக்ஸ் பேனர் கட்டும்போது அந்த அறிவுரை எங்கே போயிற்று?

நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஊழல்களைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். ஆனால் அந்தச் சட்டத்தில் சமூகத் தணிக்கை உண்டு. கிராம சபையில் ஒரு பெண் எழுந்து "என் பேரில் எழுதின கூலி எங்கே?" என்று கேட்கலாம். மிரட்டி உட்கார வைக்கலாம், ஆனால் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அன்பின் பெயரால் நடக்கும் பணியில் அந்த அளவு உரிமைகூட இல்லை. நன்றி சொல்லத்தான் மைக் தருகிறார்கள்.

கோயில் அன்னதானமும் அப்படித்தானே, சத்திரங்களும் அப்படித்தானே என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் எல்லோரும் சமம் என்று அறிவித்துவிட்டு வந்தவர்களை அந்த அளவுகோலால்தான் அளக்க முடியும். ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைச் சபையில் எழுந்த எதிர்ப்பு ஊரறிந்தது. வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்ற பெரும் புலவரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே எழுந்த சுவர் நம் காலத்துச் செய்தி. 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியலின உரிமையை மறுக்கிறது என்று ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். மிகச் சரி. அரசிடம் கேட்கும் அந்த இடத்தை முதலில் தங்கள் பேரவையில் தரலாமே?

பெறுகிறவர் பேச முடியாத இடத்தில் கூலி பேசப்படாது, நிலம் பேசப்படாது. டெல்டாவின் வறுமை இந்த இரண்டும்தான். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும் செங்கொடி பிடித்ததும் குற்றமாகி, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25 இரவில், கிறிஸ்துமஸ் இரவு. அந்தக் கொடுமைக்குப் பிறகு இங்கே வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1981-ல் தொடங்கிய லாப்டி அமைப்பின் வழியாக மிராசுதார்களிடம் பேசி நிலம் வாங்கி, கூலிப் பெண்களின் பேரிலேயே பதிவு செய்தார். அவரும் காந்தியும் வினோபாவும் காட்டிய பக்தி வழியில் வந்தவர்தான். ஆனால் அந்தப் பெண்கள் கையில் மிஞ்சியது டோக்கன் அல்ல, பத்திரம்.

இதற்கு முன்மாதிரி தேட வெண்மணிவரைகூடப் போக வேண்டாம். தஞ்சை சிவகங்கைக் கோட்டைக்குள் 1779-ல் எழுந்த ஆலயத்திலேயே இருக்கிறது. சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்கில், மரணப் படுக்கையில் கிடக்கும் மிஷனரி சுவார்ட்ஸின் கையை மன்னர் சரபோஜி பிடித்திருக்கிறார். நம்முடைய விழா மலர்கள் எல்லாம் இந்தக் காட்சியிலேயே நின்றுவிடுகின்றன: பெரியவர் ஒருவர், அவரை மதித்த இன்னொரு பெரியவர்.

1781-ல் ஹைதர் அலியின் படை நாட்டை அழித்துக்கொண்டிருந்தபோது கோட்டைக்குள் ஜனம் பட்டினி கிடந்தது. வெளியே நெல் இருந்தது, ஏற்றிவர மாடு வரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசனின் பேச்சை யாரும் நம்பவில்லை. கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் சொன்னபடி கூலி கொடுத்தார். பிறகு ஒருமுறை, கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களுக்கு நியாயம் கிடைக்கும் என்று அவர் வாக்குக் கொடுத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள்.

மாட்டுக்காரர்களுக்கு சுவார்ட்ஸ் பட்டது கடன். அதனால்தான் அவர்கள் ஒவ்வொருவரும் அவர் வாசலில் நின்று "என் கூலி எங்கே ஐயா?" என்று கேட்க முடிந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்து அம்மா மூன்றாவது தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பார்?