தப்புன்னா நம்ம காசு

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தபோது நான் கற்ற முதல் சட்டம் எங்கும் எழுதப்படாதது. பார்ட்டி கையெழுத்துப் போட்ட ப்ரூஃபில் அமாவாசை சரியாக இருந்து, அச்சான காலண்டரில் தேதி மாறியிருந்தால் பிளேட், தாள், கூலி எல்லாம் அச்சகத்தின் செலவு. கையெழுத்துப் போட்ட பிறகு, "அண்ணாச்சி, முருகனை எடுத்துட்டு லட்சுமியப் போட்டுருங்க" என்றால் செலவு பார்ட்டியுடையது. "தப்புன்னா நம்ம காசு, மாத்தச் சொன்னா அவுக காசு" என்பார் முதலாளி. தகராறு வந்தால் ப்ரூஃப் தாளை எடுத்துப் பார்ப்போம். அதோடு முடிந்தது.

மென்பொருளுக்கும் இந்தச் சட்டம் போதும் என்றே நினைக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பட்டாசுக்கு வரி 28 சதவீதம். அதே நவம்பரில் 18 ஆனது. அதற்கேற்ப பில் போடும் மென்பொருளை மாற்றித் தருகிறவர் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். மாறியது சட்டம், அவர் தப்புச் செய்யவில்லை. அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால் கூட்டலே தப்பாக வந்தால், அதைச் சரிசெய்யக் காசு கேட்பது என்ன நியாயம்?

சிக்கல் என்னவென்றால், எது தப்பு, எது மாற்றம் என்று இங்கே தீர்மானிப்பவர் விற்றவரே. தமிழையே எடுத்துக்கொள்வோம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001இல் வந்தது. அதற்கு யூனிகோட் தெரியாது. பிறகு வந்த இன்டிசைனுக்கு யூனிகோட் தெரியும், ஆனால் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கெ' என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 2012இல் வந்த சிஎஸ் 6 பதிப்பில்தான் இந்திய மொழிகளுக்கான வசதி முறையாகச் சேர்ந்தது. நிறுவனத்தின் கணக்கில் அது புது வசதி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இடம் மாறி விழுந்து, அதைச் சரிசெய்திருந்தால் புது வசதி என்றா சொல்லியிருப்பார்கள்?

"தமிழ் வரும்னு நாங்க சொல்லவே இல்லையே" என்று அவர்கள் கேட்கலாம். உண்மைதான். நமக்கும் அவர்களுக்கும் நடுவே ப்ரூஃப் தாள் எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டே, 2013இல், இனிமேல் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டும்தான் என்று அடோபி அறிவித்தது. தப்பும் மாற்றமும் ஒரே மாத வாடகைக்குள் போய்விட்டன. இதில் வசதி உண்டு, திருத்தம் உடனே வந்துவிடுகிறது. ஆனால் சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும், நாம் செய்து வைத்த கோப்பைத் திறக்கவும் வழியில்லை. எங்கள் அச்சகத்திலும் பாக்கி வைத்த பார்ட்டிகள் உண்டு. அதற்காக யார் வீட்டுச் சுவரிலிருந்தும் நாங்கள் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்ததில்லை.

இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விற்கும்போதே இது இன்னின்ன வேலை செய்யும், இன்னின்ன மொழி சரியாக வரும் என்று எழுதிக் கொடுக்கட்டும். அதில் குறைந்தால் அவர்கள் காசு. கூடுதலாகக் கேட்டால் நம்ம காசு.