மேளம் கட்டும் வேளை

குமாரபாளையத்தில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு. நாடா ஓடுகிற ஓசை கொஞ்சம் பிசகினால் போதும், உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நெசவாளி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடுவார். கோளாறு எங்கே என்று அவர் காதுக்குத் தெரியும்.

அப்படியொரு காதை வேறு தொழிலில் நான் கண்டது தஞ்சாவூரில், வீணை செய்கிற ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில். எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற காவிரி பாய்கிற சீமைதான் அதுவும்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரம்தான் அதற்கு உடம்பு. வயிறான குடம், கழுத்தான தண்டி, முனையிலுள்ள யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. யாளி முகத்தையும் குடத்துப் பூ வேலையையும் பார்த்து வியக்காதவர் இல்லை. என்னைக் கட்டிப்போட்டதோ கண்ணுக்கு அழகே இல்லாத ஒரு வேலை: மேளம் கட்டுவது.

தேன்மெழுகில் கரித்தூளைக் கலந்து காய்ச்சி, தண்டியின் இரு ஓரத்திலும் கரைபோல ஏற்றுகிறார்கள். அந்த மெழுகின் மேல், ஸ்வர இடங்களைக் காட்டும் 24 மெட்டுகள். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம், இரண்டு ஸ்தாயிக்கு இருபத்துநான்கு என்பது கணக்கு. ஆனால் இடத்தை முடிவு செய்வது காது. மெழுகு இளகியிருக்கும்போதே மெட்டை வைத்து, தந்தியை மீட்டி, மயிரிழை தள்ளி, மறுபடி மீட்டி... காந்தாரம் ஒன்றுக்கே அந்தப் பெரியவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவசரப்படாத அந்தக் கையைத்தான் நான் கலை என்பேன்.

ஜப்பானிய வாத்தியமான கோட்டோவில் இது வேறு மாதிரி: பதின்மூன்று தந்திகள்; ஒவ்வொன்றையும் தாங்க ஒரு தனிக் குதிரை. சுருதி மாற்ற வேண்டுமானால் வாசிப்பவரே குதிரையை நகர்த்திக்கொள்ளலாம். வீணையில் செய்தவரின் காது மெழுகிலேயே உறைந்துவிடுகிறது. இன்னோர் இடத்தில் இரு நாடுகளும் நெருங்கி நிற்கின்றன. மூன்று தந்தி கொண்ட ஷாமிசென் என்ற ஜப்பானிய வாத்தியத்தில் தடித்த தந்தி மட்டும் கழுத்து மரத்தில் லேசாக உரசி ஒரு ரீங்காரம் எழுப்பும், 'சவாரி' என்கிறார்கள். நம் வீணைக் குதிரையின் மேல் இருக்கும் வெண்கலத் தகட்டைச் சற்றே வளைவாக இழைப்பதும் அந்த ரீங்காரத்துக்குத்தான். சுத்தமான ஒலி போதாது, அதில் உயிர் அதிர வேண்டும் என்று இரண்டு ஊர்க் கைவினைஞர்களும் நினைத்திருக்கிறார்கள். நம் சரஸ்வதி அங்கே பென்சைதென் என்ற பெயரில் பிவா என்ற தந்தி வாத்தியம் வாசிப்பதும் பொருத்தம்தான்.

மெழுகு வெயிலுக்கு இளகும், நாளானால் மெட்டும் நகரும். அப்போது பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் வீணை ஸ்வரம் சேராமல் கிடந்தால், கெட்டுப்போனது என்று தள்ளிவிடாதீர்கள். தஞ்சாவூருக்கு எடுத்துப் போய் மேளம் கட்டி வாருங்கள். அந்த வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.