எழுத்து என்னும் இனக்குழு: தமிழ் நிரல்களின் பராமரிப்புத் தகுதி குறித்த திறனாய்வு

முன்னுரை

ஆய்வேடு நிறைவுற்றதும் அதற்கென எழுதப்பட்ட நிரல் கேட்பாரற்றுப் போவது தமிழ்க் கணிமை ஆய்வில் அடிக்கடி நிகழ்கிறது. எழுதியவர் சென்றபின் பிறிதொருவரால் திருத்தவும் விரிக்கவும் இயலுமாயின் அதுவே பராமரிக்கத்தக்க நிரலாகும். அத்தகுதிக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் சில வடிவமைப்பு நெறிகளை வகுத்துள்ளது. அவற்றைக் கொண்டு, தமிழ் எழுத்தை நிரலில் உருப்படுத்தும் முறையை இக்கட்டுரை திறனாய்கிறது. தஞ்சை வட்டார வேளாண் சொற்களைப் புணர்ச்சி பிரித்து அடைவாக்க இவ்வாய்வாளர் எழுதிய நிரல் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

குறியெண்ணும் எழுத்தும்

ஒருங்குறியில் ‘க’ ஒரு குறியெண். ‘க்’ அதனுடன் புள்ளி சேர்ந்த இரு குறியெண்கள். இலக்கணம் இதற்கு நேர்மாறானது: ‘க்’ என்பதே முதல், அதன்மீது அகரம் ஏறியது ‘க’. ‘நெல்’ என்னும் சொல்லில் எழுத்துகள் இரண்டு, குறியெண்கள் நான்கு. ஈற்றுக் குறியெண்ணை மட்டும் நோக்கும் நிரல் லகர மெய்யைக் காணாது, புள்ளியையே காணும். மேலும், ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் ‘வைக்கோல்’ இதனால் அடைவில் இரு சொற்களாகிவிடும்.

இச்சிக்கல்களைப் புணர்ச்சி விதிகளுக்குள்ளேயே ஆங்காங்கே கையாண்டது இவ்வாய்வாளரின் முதல் நிரலின் பிழை. மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூற்றுக்குள் மறைத்து வைக்கவேண்டும் என்பது டேவிட் பார்னஸ் 1972இல் முன்வைத்த கருத்து. திஸ்கி, டாம், டாப் எனக் குறியாக்கங்கள் மாறிவந்ததையும், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் ஏற்றதையும் நோக்கின், தமிழில் மாறக்கூடியது குறியாக்கம். நிலைப்பது புணர்ச்சி இலக்கணம். நிலைப்பது மாறுவதைச் சார்ந்து நிற்றல் தகாது.

மரபுரிமமும் கூட்டும்

‘மெய்’யைத் தாய் இனக்குழுவாகவும் ‘உயிர்மெய்’யை அதன் சேயாகவும் அமைப்பது முதல் நோக்கில் இயல்பாகத் தோன்றும். ஆனால் தாய் வரவேண்டிய இடத்தில் சேய் வரினும் நிரலின் நடத்தை பிறழலாகாது என்பது பார்பரா லிஸ்கோவ் 1987இல் எடுத்துரைத்த நெறி. மெய்க்கு மாத்திரை அரை. உயிர்மெய்க்கோ ஏறிய உயிரின் மாத்திரையே அளவு.

‘நெல்’ + ‘அளவு’ = ‘நெல்லளவு’; ‘கால்’ + ‘அளவு’ = ‘காலளவு’. முன்னதில் தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வர இரட்டுகிறது. பின்னதில் நெடிலை அடுத்ததால் இரட்டவில்லை. ‘நெ’, ‘கா’ இரண்டும் தாயிடமிருந்து அரை மாத்திரையையே பெறின் இவ்வேறுபாட்டை விதி அறியாது. பின்னர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விதிவிலக்கை எழுத நேரும். அவ்விலக்குகளின் காரணம் எழுதியவருக்கு மட்டுமே தெரியும். உயிர்மெய் மெய்யின் ஒரு வகையன்று; மெய்யையும் உயிரையும் உறுப்புகளாக உடைய கூட்டு. மரபுரிமத்தினும் கூட்டையே முதலில் கருதுக என்னும் வடிவமைப்பு நெறியை ‘உயிர்மெய்’ என்னும் இலக்கணப் பெயரே உணர்த்துகிறது.

சிறு நிரலுக்கு இத்தனை இனக்குழுக்கள் வேண்டுமா என வினவலாம். வேண்டுவதில்லை. பைத்தான் மொழிக்கான ‘ஓப்பன்-தமிழ்’ தொகுப்பு, சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கும் பணியைத் தனிச் செயற்கூறாகவே தருகிறது. நெறி இனக்குழுக்களின் எண்ணிக்கையில் இல்லை. பணிகளைப் பிரிப்பதில் உள்ளது.

முடிவுரை

1934இல் கல்லணைக் கால்வாய் அமைந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு நீர் சென்றது. காவிரியும் வெண்ணாறும் தத்தம் வழியிலேயே ஓடின. விரிவுக்குத் திறந்தும் திருத்தத்திற்கு மூடியும் இருக்கவேண்டும் எனப் பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் கூறிய நெறி இத்தகையது. புதிய குறியாக்கத்திற்கு ஒரு புதிய வாசிப்புக் கூற்றைச் சேர்த்தல் போதும். புணர்ச்சி விதிகளைத் தொட நேரின் அவ்வடிவமைப்பு தவறானது. முதியோரிடம் கேட்டுத் தொகுத்த குறுவை, தாளடிச் சொற்கள் அடுத்த ஆய்வாளருக்கும் பயன்பட வேண்டுமாயின், நிரலின் எழுத்து குறியெண் அட்டவணையிலிருந்தன்றி எழுத்திலக்கணத்திலிருந்து பிறத்தல் வேண்டும்.