கறவை இயந்திரம் எழுப்பும் பொய் எச்சரிக்கை

1992-இல் நெதர்லாந்துப் பண்ணைகளுக்கு வந்த தானியங்கிக் கறவை இயந்திரம் பாராட்டத் தக்கதே. தீவன ஆசையில் பசு தானே வந்து நிற்கும். அசையும் காம்பைத் தேடிக் குழாயை மாட்டுவது இயந்திரத்துக்கு எளிய வேலையா என்ன!

ஆனால் மடிநோயைக் கண்டுபிடிக்கும் அதன் உணர்கருவியை அப்படியே நம்பிவிடாதீர்கள். நோயுற்ற மடியின் பாலில் சோடியமும் குளோரைடும் கூடுவதால் மின்கடத்துதிறன் உயரும். கருவி அளப்பது அதைத்தான். பாலின் வெப்பநிலை மாறினாலும் அது மாறுமே!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 முறை கறந்ததில் 10 முறை நோய்ப்பால் என்று வைத்துக்கொள்வோம். நோய்ப்பாலில் 100-க்கு 80-ஐப் பிடித்து, நல்ல பாலில் 100-க்கு 1-ஐ மட்டும் தவறாகக் காட்டும் கருவிகூட 8 மெய் எச்சரிக்கையோடு ஏறத்தாழ 10 பொய் எச்சரிக்கையும் தரும். மடியைத் தொட்டுப் பார்க்கும் வேலை பண்ணைக்காரரை விட்டுப் போகவில்லை.